சுற்றாத விசிறியும் வெள்ளை டேப்பும்

அன்பு மகளுக்கு அப்பா ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீ விட்டுச்சென்ற பிலிம் மட்டும் நலமாக இல்லை. ஃபோனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

லீவு முடிந்து ஆய்வகத்துக்குக் கிளம்பும்போது, நீ செய்த சூரிய மின்கலத்தை, அதாவது அந்த மெல்லிய பிளாஸ்டிக் பிலிமை, கூடத்து ஜன்னலில் ஒட்டி, கையகல விசிறி ஒன்றை அதில் மாட்டினாய். "இந்த மாசம் இது சுத்தாம நின்னா, மாமா பார்த்து வச்ச வேலைக்கே போறேம்ப்பா" என்றும் நீயேதான் சொன்னாய். விசிறி சுற்றியது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வேண்டா வெறுப்பாகச் சுற்றியது. ஏன் என்று கேட்டேன். "வெயில் கரன்டா மாறுதுப்பா, ஆனா கம்பிக்கு வர்றதுக்குள்ள கொஞ்சம் வழியிலயே தொலைஞ்சுடுது. அதைக் குறைக்கிறதுதான் என் வேலையே" என்றாய். வாழ்நாள் முழுக்கத் தண்ணீர்க் குழாய் ஃபிட்டராக இருந்தவனிடம் இப்படிச் சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு ரயிலேறினால் என் கை சும்மா இருக்குமா? ஒழுகுவது எப்போதும் இணைப்பில்தான். விசிறிக் கம்பிகளைக் கழற்றி, முனைகளில், குழாய் மரையில் ஒழுகாமலிருக்கச் சுற்றும் வெள்ளை டேப்பை இறுக்கச் சுற்றி, திரும்ப மாட்டினேன். இனி ஒரு சொட்டு வெளியே போகாது.

அன்றே விசிறி நின்றுவிட்டது. என் வேலையில் குறையில்லாததால், குற்றம் பிலிமில்தான் என்று தெளிவாயிற்று.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "வெயில் பத்தலைபோல, பாவம்" என்று ஜன்னல் திரையைக் கழற்றினாள். எதிர்வீட்டுக்காரர் நாங்கள் சாப்பிடும்போது கையசைக்கிறார். மரியாதைக்கு நாங்களும் அசைக்கிறோம், சாப்பாடு ஆறிப்போகிறது. சோபா ஒரு பக்கம் வெளுத்துவிட்டது. மழைநாளில் மேஜைவிளக்கைப் போட்டு பிலிமுக்குக் காட்டினாள். காசு கொடுத்து வாங்கிய கரன்டைக் காட்டிக் கரன்ட் எடுக்கப் பார்த்த ஒரே குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும்.

ஆகவே, மாமாவிடம் சொல்லிவிட்டேன். வரும் திங்கட்கிழமை நீ அந்த வேலையில் சேர வேண்டும். எனக்கு இதில் சந்தோஷம் என்று நினைக்காதே. விசிறி முதலில் சுற்றியபோது உன் முகத்தைப் பார்த்தவன் நான். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. எங்கிருந்தாலும் நன்றாக இரு.

உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சமையலறைக் குழாய் ஒழுகியது. வீட்டில் டேப் தீர்ந்துவிட்டது. "சுத்தாத விசிறிக்கு எதுக்குங்க டேப்பு?" என்று அம்மா அதைப் பிரித்தெடுத்துக்கொண்டு, கம்பியை வெறுமனே மாட்டிவைத்தாள். ஒருமுறை சுற்றிய டேப் மறுபடி பிடிக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். விசிறி சுற்றியது. இப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ அங்கேயே இரு. கரன்ட் எங்கெல்லாம் தொலைகிறது என்று எழுதும்போது, அப்பாவையும் ஒரு வரியில் சேர்த்துவிடு.