பையோடு போன மாப்பிள்ளை

கல்லடிப் பாலத்தை ஐந்தாம் தரம் ஏறி இறங்கியபோது முனாபின் முதுகில் பத்துக் கிலோ அரிசி. நாக்கு ஒரு முழம் வெளியே. ‘ஏறி’ என்பது மரியாதைக்கு. தேங்காயை வைத்தாலும் உருளாத ஏற்றம் அது. என்ன செய்வது? மட்டக்களப்பில் மேலே ஏறுவது பாலமும் விலைவாசியும்தான். மற்றதெல்லாம் வாவி மட்டம்.

பக்கத்து வீட்டுப் பாறூக் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன முனாப், பையும் கையுமா? எங்க பயணம்?"

"சும்மா."

காத்தான்குடியில் முப்பது வருடம் புடைவை விற்றவர் இதைவிட நல்ல பொய் சொல்லியிருக்கலாம். வீடு மனைவி உம்மு குல்தூமின் சீதனம். கலியாணத்துக்குப் பையோடு வந்த மாப்பிள்ளை, பையோடு வெளியே நின்றால் ஊர் ஒன்றைத்தான் விளங்கும்: குல்தூம் துரத்திவிட்டாள்.

உண்மையையும் சொல்ல ஏலாது. முட்டுக்கால் வலிக்காரர் பாவாத மலை, அதுதான் சிவனொளிபாதம், ஏறப்போகிறார் என்று தெரிந்தால் குல்தூம் கதவை வெளியே பூட்டிவிடுவாள். அதனால்தான் மூன்று கிழமையாகப் பையை நெல்மூட்டைக்குப் பின்னால் ஒளித்து, விடியச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் இந்த ஓட்டம். சுமையோடு பழகச் சொன்னது பழைய கூட்டாளி, புளியந்தீவு டொமினிக்.

முப்பத்தாறு வருடத்துக்கு முந்தி இருவரும் அந்த மலையில் ஏறினார்கள். ஒரு சீப்பு வாழைப்பழம். குளிருக்கு டொமினிக்கின் அக்காவின் ஸ்வெட்டர் ஒன்று, மாறி மாறி. உச்சி கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் இருபது வயது முனாப் குந்திவிட்டான்.

"நீ போய்ப் பாத்திட்டு வா."

டொமினிக் பக்கத்திலேயே குந்தினான். "பாத்தா ரெண்டு பேருமாப் பாப்பம்."

இறங்கிவிட்டார்கள். அடுத்த வருடம் என்றார்கள். அடுத்த வருடம் சண்டையில் பாதைகளே மூடிக்கிடந்தன. இப்போது டொமினிக்குக்கு ஆவணியில் இடுப்பு ஒபரேஷன். இந்தச் சித்திரையை விட்டால் இனி உச்சி இல்லை.

பாலம் சரிவராது என்று மறுநாள் மூத்த சகோதரி ஸுஹைனா லாத்தாவின் மாடிவீட்டுக்குப் போனார். பையைக் கண்டதும் லாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அறை கூட்டத் தும்புத்தடியை எடுத்தாள்.

"லாத்தா, நான் சும்மா படியில ஏறி இறங்க வந்தன்."

"ஓம் தம்பி, ஏறு. மேல் அறையில பாய் விரிக்கன்."

அன்று ஆறாம் தரத்திலேயே கால் மடங்கியது. முதல் கிழமை பத்துத் தரம் ஏறியவர். அதே பை, அதே பத்துக் கிலோ. நாளுக்கு நாள் கனத்தது. வயது தராசில் விரலை வைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தால், குல்தூமின் தம்பி முனாஸ் இரண்டு பெரியவர்களோடு ஹோலில் இருந்தான்.

"என்ன பிழை எண்டாலும் பேசித் தீர்ப்பம், மச்சான். முதல்ல பைய உள்ள வைங்க."

குல்தூம் தேத்தண்ணி வைத்தாள். முனாப் பையை இறக்கிவிட்டு அப்படியே கதிரையில் சாய்ந்தார்.

"ஒருத்தரும் துரத்தல்ல. மலைக்குப் பழகினன். இனி அதுவும் இல்ல. பத்துக் கிலோவ இந்தக் கால் தாங்குதில்ல." போனை எடுத்தார். "டொமினிக்குக்குச் சொல்லோணும். இந்தத் தரமும் என்னாலதான் உச்சி இல்ல."

முனாஸ் பையை ஓரமாக்கத் தூக்கினான். தள்ளாடி மறுபடி வைத்தான்.

"மச்சான், இது பத்துக் கிலோவா?"

கதவோரம் நின்ற கடைசி மகள் இனாயா சொன்னாள்:

"பதினஞ்சு, மாமா. வாப்பா இந்தத் தரமும் உச்சிக்குக் கிட்டக் குந்திரப்படாதெண்டு, உம்மா நாளுக்கொரு சுண்டு அரிசி கூடப் போட்டு வாறா."