செல்லு அண்ணனின் இறால் குளம்

இறாலுக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவராகத்தான் இருக்க முடியும். எங்கள் செல்லு அண்ணன்.

அமராவதிபுதூர்க்காரர். பரம்பரையாகத் தச்சு வேலை. அதை விட்டுவிட்டுத் தொண்டிப் பக்கம் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்து இறால் வளர்த்தார். மகளின் கல்யாணம் அந்தத் தண்ணீரை நம்பித்தான் பேசப்பட்டிருந்தது. காரைக்குடியில் நான் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்துக்கு, ஐஸ் போட்ட தூக்குவாளியில் இறாலோடு வாரம் தவறாமல் பஸ்ஸில் வருவார். நோய் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்.

"இன்னொருக்கா போட்டுப் பாருங்க சார்."

பக்கத்துக் குளத்தில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது, அது எப்படிப் பரவும் என்று கேட்டார். நோய்பட்ட இறாலைத் தின்றாலோ, தண்ணீர் வழியாகவோ வைரஸ் உள்ளே போகும். முதலில் செவுள், இரைப்பை, பிறகு ரத்தத்தில் ஏறி, ஓட்டுக்கு அடியில் இருக்கும் தோல்வரை ஒவ்வொரு செல்லாகப் புகுந்து பெருகி உடைக்கும் என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "ஓட்டுக்குள்ள செல்லு அரிக்குதுன்னா சொல்றீக?"

தச்சர் வீட்டில் செல்லு என்றால் கரையான். நான் திருத்துவதற்குள் பஸ் ஏறிவிட்டார். மறுநாள் குளத்துக்குப் போனால், காக்கை வராமலிருக்க வலை கட்டிய கம்பு ஒன்று விடாமல், மரத்தில் கரையானுக்கு அடிக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசியிருந்தார். நல்லவேளை, தண்ணீரில் ஊற்றவில்லை. அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் செல்லு அண்ணன்.

விஷயம் புரிந்த பிறகு இன்னும் மோசமானார். செத்த இறாலைத் தூக்கி வந்து போடும் காக்கையும் நோயைச் சுமந்து வரும் நண்டும் அவருக்கு ஜென்ம விரோதிகள். கல்யாணப் பேச்சுக்கு வந்த சம்பந்தி, குளத்தங்கரைக்கே ஒரு பை உயிர் நண்டு ஆசையாகக் கொண்டுவந்தார். அண்ணன் பையைக் குறட்டால் பிடித்துத் தூக்கிப்போய், பிளீச்சிங் பவுடர் கொட்டிப் புதைத்தார். சம்பந்தியின் காலையும் மருந்துத் தண்ணீரில் முக்க வைத்தார்.

"கோவிச்சுக்கிராதீக. பொண்ணு அங்குட்டு வரணும்னா நண்டு இங்குட்டு வரக்கூடாது."

ஒரு காலையில் பஸ்ஸில் வராமல் வாடகைக் காரில் வந்தார். இறால் கரையோரம் ஒதுங்குகிறதாம், தீனி அப்படியே கிடக்கிறதாம். வாளியைக் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

நோய் இருந்தது. இன்றைக்கே இறாலைப் பிடித்து விற்றுவிட்டால் கொஞ்சமாவது தேறும் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். காலி வாளியை வாங்கி மூடியை அழுத்தினார். படியிறங்கிப் போனார். இன்னொருக்கா என்று கேட்கவே இல்லை.

நான் உள்ளே போய் இன்னொருக்கா போட்டுப் பார்த்தேன்.