மாமியார் போணி செய்த படலம்

சுவரோரம் பச்சைக்கண் இமைத்துத் தவமிருக்கும் வை-ஃபைப் பெட்டியே, நீ காக்க! மின்வெட்டே, நீ சற்று நேரம் வேறு தெருவுக்குப் போக! ஏனெனில் நாம் பாடப்புகுவது சாமானியனை அல்ல. மைசூர் மாநகரின் வடபுலத்தே, புகைபோக்கிகள் வான்தடவும் ஹெப்பாள் தொழில்நகரில், பம்பு உதிரிப்பாகங்களின் விட்டம் அளந்து வாழும் தகைமையாளன், கம்பெனி பஸ்ஸின் சன்னலோர இருக்கையைக் கைக்குட்டை போட்டுக்கூடப் பிறர் கவர்ந்திட முடியாத பெருவீரன், பூங்குழலி கேள்வன், கொள்ளேகால் பாப்பாத்தி அம்மாளின் ஒரே மருமகன், தருண்குமாரன் என்னும் திருநாமம் பூண்டவன் வாழ்க! அவன் மடிக்கணினியும் வாழ்க. அதில் ஒரு பொத்தான் கழன்றுவிட்டது, அதற்கு நாம் என்ன செய்வது.

இப்பெருமகன் ஒரு வலைத்தளம் கண்டவன். எதன்பொருட்டுக் கண்டான் என வினவுவோர்க்கு விடை பகர்வோம்: ஒரு கண்டக்டரின்பொருட்டுக் கண்டான். பூங்குழலிக்கு மணமகன் தேடிய அந்நாளில், அரசுப் பேருந்தில் டிக்கெட் கிழிக்கும் நம்பி ஒருவன் பெண் பார்க்க வந்து, இரண்டு தட்டு கேசரி உண்டு சென்றிருந்தான். பூங்குழலியோ தருண்குமாரனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்று, கட்டியும் விட்டாள். அன்று தொட்டு, பட்டுநூல் வியாபாரத்தில் ஊரையே ஆளும் அவள் தாய் பாப்பாத்தி அம்மாள், எந்தப் பஸ் தாமதமானாலும் ஒரு பெருமூச்சு விடுவாள். "அந்தக் கண்டக்டர் பையனா இருந்தா, பஸ்ஸு எப்ப வருதுன்னாச்சும் சொல்லுவானுங்க" என்பாள். மருமகனுக்கு உரிய மரியாதையில் ஒரு குறையும் வைக்கமாட்டாள். 'ங்க' போட்டுத்தான் குத்துவாள். அந்தப் பெருமூச்சு தருண்குமாரன் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக் கிடந்தது. எந்த மருமகனுக்குத்தான் தைக்காது, நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே அவன் சபதம் பூண்டான். உலகம் பிரியாணி உண்டு உறங்கும் ஞாயிறுதோறும், மைசூர்ப் பேருந்து நிலையத்தில் தூணோடு தூணாய் நின்று, பலகையில் எழுதிய நேரம் யாது, பஸ் மெய்யாகவே வந்து சேரும் நேரம் யாது என இரண்டையும் கண்டறிந்து, 'பஸ் வந்துச்சா' என்னும் தளத்தில் தமிழிலும் கன்னடத்திலும் பொறித்தான். கொள்ளேகால் செல்வோரும் ஹனூர் செல்வோரும் எங்கே செல்வதென்று தெரியாதோரும் அதைக் கண்டு களித்தனர். கூட்டம் பெருகுவது கண்டு, ஏழ்கடலுக்கு அப்பாலும் கிளைபரப்பிய விளம்பரப் பேரரசு ஒன்று (பெயர் சொன்னால் கோபித்துக்கொள்ளும், வேண்டாம்) அவனுக்கும் ஒரு கணக்கு அருளி, தளத்தின் தலையிலும் இடையிலும் காலிலும் முழங்கால் தைல விளம்பரம் ஒட்டியது. நின்று நின்று கால் கடுப்போருக்கு முழங்கால் தைலமாம்! பேரரசின் பேரறிவே பேரறிவு. விளம்பரத்தை எவரேனும் தொட்டால் தருண்குமாரனுக்குச் சில்லறை சேரும். சில்லறை கிடக்கட்டும், விளம்பரம் வருகிற தளத்துக்குச் சொந்தக்காரன் என்ற பட்டம் எந்தக் கண்டக்டருக்கு உண்டு?

நிற்க. பூங்குழலியின் அண்ணன் குழந்தைக்குக் கொள்ளேகாலில் காதுகுத்து வந்தது. பாப்பாத்தி அம்மாளின் குலத்தில் ஒரு மரபு உண்டு: உறவில் எவர் கடை திறந்தாலும் சொந்தபந்தம் திரண்டு சென்று முதல் வியாபாரம் செய்தாக வேண்டும். மருந்துக்கடை திறந்தால் தலைவலி இல்லாதவரும் மாத்திரை வாங்குவர். டயர்க்கடை திறந்தபோது சைக்கிள்கூட இல்லாத உறவுக்காரி கெம்பம்மா ஒரு டியூப் வாங்கிப் போனாள். அதற்குப் போணி என்று பெயர். பந்தி முடிந்து வெற்றிலை மென்ற அவ்வேளையில், பாப்பாத்தி அம்மாள் மண்டபத்தின் மைக்கைக் கைக்கொண்டு, திசையெட்டும் அதிர இங்ஙனம் முழங்கினாள்:

"நம்ம மாப்பிள்ளை இன்டர்நெட்டுல கடை வெச்சிருக்கறாருங்க! சொந்தக்காரங்க நாம போணி பண்ணாம, எவன் பண்ணுவான்? எல்லாரும் போனை எடுங்க. அந்தத் தைலத்தை அமுக்குங்க. கைராசிக்காரங்க முதல்ல அமுக்குங்க!"

ஆகா, அப்போது எழுந்ததே ஒரு சேனை! மண்டபத்து வை-ஃபை ஒன்றையே தேராகக் கொண்டு, வடை எண்ணெய் காயாத விரல்களும், மருதாணி சிவந்த விரல்களும், சுண்ணாம்பு ஒட்டிய விரல்களும் ஒருசேரப் பாய்ந்தன. கெம்பம்மா அமுக்கினாள். பந்தி பரிமாறியவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அமுக்கினார். காது குத்த வந்த ஆசாரி ஒரு காதோடு நிறுத்தி, ஊசியை வாயில் கவ்விக்கொண்டு அமுக்கினார். குழந்தை மறுகாதுக்காக அழுதபடி காத்திருந்தது. தன் தளத்தின் விளம்பரத்தை உறவினரைக் கொண்டு தொடச்செய்வது பெருங்குற்றம் என்று பேரரசின் விதியில் எழுதியிருப்பதைத் தருண்குமாரன் அறிவான். அறிந்தும் வாய் திறக்கவில்லை. மணமாகி வந்தபின் முதன்முறையாக மாமியார் சபையில், அதுவும் மைக்கில், அவனைப் புகழ்ந்திருக்கிறாள். கண் கலங்கி நின்றான் மனுஷன்.

பேரரசு அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. மறுவாரம் கம்பெனி பஸ்ஸில், அந்தப் பெருமைவாய்ந்த சன்னலோரத்தில், அவன் கைப்பேசியில் ஓலை ஒன்று இறங்கியது: 'செல்லாத செயல்பாடு காரணமாகத் தங்கள் விளம்பரக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.' செல்லாதாம்! அத்தையும் சித்தியும் பங்காளியும் ஆசாரியும் சேர்ந்து, மனமுவந்து, வாழ்த்தி அமுக்கியது செல்லாதாம். இவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு யார்தான் போவார்களோ!

அருகிருந்த பசவராஜ், தமிழை பஸ்ஸிலேயே கற்றுத் தேர்ந்த கன்னட நண்பன், ஓலையை வாங்கிப் படித்து, காதுகுத்துக் கதையையும் கேட்டு, அமைச்சருக்குரிய கம்பீரத்தோடு ஆலோசனை வழங்கினான். "நோடு மகா, இங்க பாரு, ஒரே ஒரு அப்பீல்தான் கொடுப்பாங்க. சும்மா அழுதா ஆகாது. அத்தை பேரு, மண்டபம் பேரு எல்லாம் எழுதிடு. 'நான் பண்ணல, அவங்க பண்ணாங்க, இனிமே பண்ண மாட்டாங்க'ன்னு ஹேளு. அஷ்டே!"

அஷ்டே என்றால் அவ்வளவுதான். அவ்வளவுதானா? வருகிற ஞாயிறன்று பாப்பாத்தி அம்மாள் மைசூருக்கு எழுந்தருள்கிறாள். கடை மூடியது அவளுக்குத் தெரிந்தால் கண்டக்டர் மீண்டும் உயிர்த்தெழுவான். மூடக் காரணம் அவள் செய்த போணிதான் என்று தெரிந்தாலோ, கைராசிக்குப் பேர்போன அந்த அம்மாள் இடிந்து போவாள். இனி எந்தக் கடைவாசலையும் மிதிக்கமாட்டாள்.

சனிக்கிழமைப் பிற்பகல், அரைநாள் விடுப்பெடுத்து, அவன் முறையீட்டுப் போருக்கு எழுந்தான். கோட்டை வாயிலில் ஓர் எந்திரக் காவலன் மறித்து, 'நீ மானிடன்தானா? இப்படங்களுள் பஸ் உள்ளவற்றைக் காட்டு' என்றான். யாரைப் பார்த்து! ஒன்றைத் தொட்டான், இன்னொன்றைத் தொட்டான், மூன்றாவதில் மரத்துக்குப் பின்னே தெரிந்த ஒரு பக்கக் கண்ணாடி பஸ்ஸினுடையதே என்று, வாழ்நாள் ஞாயிறுகளை பஸ்ஸுக்கே தந்தவனின் உறுதியோடு தொட்டான். 'தவறு, மீண்டும் முயல்க' என்றது கோட்டை. மீண்டும் மீண்டும் முயன்று, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டபோது, மானிடன்தான் என ஒப்பி உள்ளே விட்டது.

உள்ளே ஒரே கேள்வி: 'விளம்பரங்களைத் தொட்டவர் யார்? விளக்குக.' தருண்குமாரன் விரல்களைச் சொடுக்கி, 'என் மனைவியின் தாயார் பாப்பாத்தி' என்று தட்டினான். அக்கணம் அடுக்களையிலிருந்து, பூங்குழலி ஸ்பீக்கரில் போட்டிருந்த போன் வழியாக, அந்தத் தாயாரின் குரலே ஒலித்தது.

"மாப்பிள்ளைகிட்டச் சொல்லு கண்ணு, தினமும் சாமி கும்பிட்டு, தைலத்தை ஒருக்கா அமுக்கிட்டுத்தான் காப்பித்தண்ணி குடிச்சிட்டிருந்தேன். இந்த வாரம் நெட்டு தீந்து போச்சு. நாளைக்கு அங்க வந்து சேத்தி அமுக்கிடறேன்னு சொல்லு."

தருண்குமாரன் திரையைப் பார்த்தான். 'பாப்பாத்தி' என்ற பெயர் அங்கே, குற்றவாளிக் கூண்டில் ஏறியதுபோல், தனியாக நின்றுகொண்டிருந்தது. ஒவ்வோர் எழுத்தாக அதை அழித்தான். அழித்த இடத்தில், வரலாறு மறவாத, பேரரசு மறந்தேபோன, இச்சாசனத்தைப் பொறித்தான்: 'மண்டபத்தில் இருந்தோர் கைப்பேசிகளை எல்லாம் நானே வாங்கி, நானே அமுக்கினேன். வேறு எவருக்கும் இதில் பங்கில்லை. மன்னித்துக் கணக்கைத் திருப்பித் தருக.' அனுப்பியும் விட்டான்.

டீ ஆறுமுன் விடை வந்தது. 'தங்கள் முறையீட்டை மிகுந்த கவனத்துடன் ஆராய்ந்தோம். கணக்கை மீட்டளிக்க இயலாது. இம்முடிவே இறுதியானது. தங்கள் புரிதலுக்கு நன்றி.' என்னே கவனம், என்னே ஆராய்ச்சி! ஒரு பிஸ்கட் நனைத்துத் தின்னும் நேரத்தில் ஒரு மனிதனின் ஞாயிறுகளை எல்லாம் ஆராய்ந்து முடித்துவிட்டார்கள். தோளுக்குப் பின்னால் நின்று படித்த பூங்குழலிக்குத் தாங்கவில்லை.

"ஏனுங்க, இப்படியா எழுதுவீங்க? அம்மா பேரைப் போட்டிருந்தா என்ன கெட்டுப் போச்சு? அவங்க என்ன உக்காந்து உங்க மெயிலைப் படிக்கவா போறாங்க?"

"எழுதினது எனக்குத் தெரியுமில்ல பூங்குழலி" என்றான் மாவீரன். அவள் டீயைச் சூடு பண்ணப் போனாள்.

ஞாயிறு புலர்ந்தது. பாப்பாத்தி அம்மாள் வந்தாள். தேவராஜ மார்க்கெட்டில் வெற்றிலைக்காரனையும் மல்லிகைக்காரியையும் பேரத்தில் மண்டியிட வைத்தாள். மகளும் மருமகனும் உடன்வர, இரு பைகளோடு மாலையில் ஊர் திரும்பப் பேருந்து நிலையம் சேர்ந்தாள். சேர்ந்தவள் சும்மா இருந்தாளா? நிலையத்துக் கடையில் போனுக்கு ரீசார்ஜ் செய்து, கண்ணாடியை மாட்டி, 'பஸ் வந்துச்சா'வைத் திறந்தாள். தருண்குமாரனுக்குக் கால் நடுங்கியது. முழங்கால் தைலம் உண்மையில் தேவைப்பட்ட ஒரே தருணம் அதுதான்.

"ஏனுங்க மாப்பிள்ளை, தைலக்காரனைக் காணோமுங்க?"

"அது வந்தும்மா, அன்னிக்கு நீ மண்டபத்துல..." என்று தொடங்கிய பூங்குழலியின் காலை, கணவன் செருப்போடு மிதித்தான். "நான்தான் எடுத்துட்டனுங்க அத்தை" என்றான்.

"நல்ல காரியம் பண்ணுனீங்க! உங்க கடையாச்சேன்னு பல்லைக் கடிச்சுட்டு அமுக்குனனுங்க. பஸ்ஸு நேரத்தைப் பார்க்கலாம்னா மூஞ்சி மேலயே வந்து நின்னுக்குவான். அவனை அமுக்கி முடிக்கறதுக்குள்ள ரெண்டு தடவை பஸ்ஸை விட்டுட்டேன். இப்பத்தான் எழுத்தே கண்ணுக்குத் தெரியுது." திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு, ஐந்தரை மணிக் கொள்ளேகால் பஸ்ஸைப் பிடிக்க மூட்டையோடு ஓடிவந்த ஒரு குடும்பத்தைக் கைநீட்டி நிறுத்தி, நிலையம் முழுதும் கேட்க இரண்டாம் பிரகடனம் வெளியிட்டாள்:

"ஏனுங்க, ஓடாதீங்க! பலகையில அஞ்சரைன்னு போட்டிருப்பான், நம்பாதீங்க. ஆறு மணிக்குத்தான் வருமுன்னு எங்க மாப்பிள்ளை எழுதியிருக்கறாருங்க. ஒரு கண்டக்டருக்குத்தான் எம் பொண்ணைக் குடுக்கறதா இருந்தனுங்க. அவனுக்கு அவன் பஸ்ஸு நேரந்தான் தெரியும். எங்க மாப்பிள்ளைக்கு எல்லாப் பஸ்ஸு நேரமும் தெரியுமுங்க!"

கேட்டீரோ திசைகாள்! கேட்டீரோ கேசரி உண்ட கண்டக்டரே! ஆனால் வெற்றி இன்னும் கைக்கு எட்டவில்லை; நிலையத்துக் கடிகாரம் ஐந்தரையைத் தொட்டது. மூட்டைக் குடும்பம் பாப்பாத்தி அம்மாளைப் பார்த்தது, அவள் மருமகனைப் பார்த்தாள், மருமகன் வாயிலைப் பார்த்தான். பஸ் இன்று பார்த்து, இத்தனை ஆண்டுகளில் இன்று மட்டும், சொன்ன நேரத்துக்கு வந்து தொலைத்தால் அவன் குலமே தலைகுனியும். அப்போது பூமி அதிர, புழுதி எழ, ஹாரன் முழங்க, வாயில் வழியே ஒரு சிவப்புப் பேருருவம் நுழைந்தது. தருண்குமாரன் மூச்சை அடக்கினான். அது நஞ்சன்கூடு பஸ்.

கொள்ளேகால் பஸ் ஆறு மணிக்கு வந்தது.