சனி விலகிய முதுகு

வியாழக்கிழமை காலையில் தவளக்குப்பம் ஜங்ஷனில் பஸ் நின்றால் ஆளுக்கொரு நாயோடு இறங்குவார்கள். நாய் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். 'பைரவர்' என்று சொல்ல வேண்டும். அத்தனையும் மடியில் அடங்கும் யார்க்‌ஷயர் டெரியர் குட்டிகள். பைரவர் எப்போது இங்கிலாந்துக்குப் போய்ப் பிறந்தார் என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் நேரமில்லை.

கூட்டம் தணிகாசல சுவாமிகளைப் பார்க்க. மூன்று வருடம் முன்புவரை நாய்க்குட்டி வியாபாரி. விற்காத குட்டிகளைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது ஞானம் வந்ததாம். வராமல் என்ன செய்யும்? மண்டபத்துச் சுவரில் பட்டியலே எழுதி வைத்திருக்கிறார்: தங்க நிற ரோமம் சுக்கிரனுக்கு, சாக்லேட் நிறம் ராகுவுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே 'அபூர்வ நீலம்'. கருப்பு முதுகுக் குட்டியை இலவசமாகத் தருவார். அது வளர்ப்பவரின் சனியை உறிஞ்சி உறிஞ்சி, முடிந்ததும் முதுகு நீலமாகும். அதுவரை வாரம் ஒரு பூஜை, தாராளமாகக் காணிக்கை. அதுவரை கல்யாணம் கூடாது, குடிபோகக் கூடாது, உடம்பில் கத்தி படக் கூடாது.

அந்தக் கத்திதான் அஞ்சலாட்சிக்கு வயிற்றெரிச்சல். அவள் அண்ணன் அரிகிருஷ்ணன் ஆட்டோ ஓட்டுகிறவன். பித்தப்பையில் கல். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கொடுத்த தேதியை ஒரு தடவை தவறவிட்டான். அடுத்த தேதி வரும் திங்கள். இனியும் தள்ளினால் ஆபத்து என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அண்ணனோ சுவாமிகள் தந்த கருப்புக் குட்டியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் கருப்பாத்தான் இருக்கு. போவ மாட்டேன்."

அஞ்சலாட்சிக்கு மூலக்குளத்தில் நாய் குளிப்பாட்டி முடி வெட்டும் கடையில் வேலை. "அண்ணே, இந்த ஜாதில கருப்பா பொறந்த குட்டி வளர வளர தானா சாம்பல் நீலமாயிடும். சிலது ஒரு வயசுல, சிலது மூணு வயசுல. தெனமும் கையால தேய்க்கறேன், எனக்குத் தெரியாதா?"

"நாய் கழுவுற உனக்கு கெரகத்தப் பத்தி இன்னா தெரியும்?"

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. அண்ணனின் குட்டி அவள் முதலாளி வீட்டு நாய் போட்டதுதான். அந்த ஈற்றைத் தணிகாசலம் மொத்தமாக வாங்கிப் போனபோது ஒன்று மட்டும் கடையில் தங்கிவிட்டது. பூஜையையே கண்டதில்லை, பிஸ்கட்தான் கண்டது. இப்போது முதுகு முழுக்க நீலம்.

"அத உன் நாயின்னு சொல்லி சாமிகிட்ட காட்டறேன். கண்டுபுடிச்சிட்டாருன்னா நான் வாயே தொறக்கல. ஏமாந்துட்டாருன்னா திங்கக்கெழம நீ ஆஸ்பத்திரிக்கு வரணும்."

அரிகிருஷ்ணன் சிரித்தான். "பாத்த ஒடனே தொரத்துவாரு. அதப் பாக்கவே நானும் வரேன்."

வியாழக்கிழமை அவன் தன் குட்டியைத் துண்டில் மூடிக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றான். அஞ்சலாட்சி கடைக்குட்டியோடு முன்னால் போய் அண்ணன் பெயரைச் சொன்னாள். சுவாமிகள் முதுகைத் தடவினார். மணியை ஆட்டினார்.

"அபூர்வ நீலம்! அரிகிருஷ்ணனோட சனி நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு வெளிய போனத இந்தக் கண்ணால பாத்தேன். வயித்துக் கல்லும் கரைஞ்சிடுச்சு. இனிமே ஆபரேஷனே வேணாம், போம்மா!"

மண்டபமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததற்காகச் சொல்தா பென்ஷன் வாங்கும் கன்னியப்பன், மடியில் தன் கருப்புக் குட்டியோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரிகிருஷ்ணன் மட்டும் வயிற்றைப் பிடித்தபடி மெதுவாக முன்னால் வந்து துண்டை விலக்கினான்.

"நாந்தான் சாமி அரிகிருஷ்ணன். நீங்க குடுத்த குட்டி இதான், கருப்பாத்தான் இருக்கு. கல்லு இப்பக்கூட குத்துதே சாமி?"

சுவாமிகள் திணறினார். "ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுங்க... சனி எடம் மாறிப் போயிருக்கு."

"போறத கண்ணால பாத்தீங்களே, கையில இருக்கறத பாக்கலியா?" என்றாள் அஞ்சலாட்சி. "அண்ணனுக்கு நீங்க குடுத்தது கடுவன். இது பொட்டக்குட்டி சாமி!"

முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு மண்டபமே சிரித்தது. கன்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. "என் மவ கல்யாணத்த ரெண்டு வருஷமா நிறுத்தி வெச்சிருக்கேனேய்யா!" என்று சட்டையைப் பிடிக்கப் போனார். சுவாமிகளுக்குத் திடீரென்று தியானம் வந்து, உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

திங்களன்று ஆபரேஷன் முடிந்தது. மறுநாள் பக்கத்துக் கட்டில்காரர் கதை முழுவதையும் ஆர்வமாகக் கேட்டுவிட்டு மெல்லக் கேட்டார்: "அந்த சாமி அட்ரஸ் இன்னா தம்பி? என் மருமவளுக்கும் சனி நடக்குது."

டாக்டர் கொடுத்த சின்ன பாட்டிலை அரிகிருஷ்ணன் அவர் கையில் வைத்தான்.

"சாமி கரைச்சிட்ட கல்லு இதான். மொதல்ல ஆட்டிப் பாரு, அப்புறமா கும்புடு."