தணிகாசலம் வளைக்கு விளக்குப் போட்ட கதை

ஒரு காட்டில் மின்சாரம் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் காட்டின் வடக்குச் சரிவில், தானே தோண்டிய ஐந்தறை வளையில், தணிகாசலம் என்ற முள்ளம்பன்றி தன் மனைவி வடிவாம்பாளோடும் மகள் செங்கமலத்தோடும் குடியிருந்தது. முள்ளம்பன்றிகளுக்கு இருட்டில் நன்றாகவே கண் தெரியும். ஆகையால் வாசல் வரை மின்கம்பம் வந்தும், "நமக்கெதுக்கு?" என்று தணிகாசலம் சும்மா இருந்துவிட்டது.

அப்போதுதான் செங்கமலத்துக்கு ஒரு வரன் வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் நல்ல குடும்பம். எல்லா விவரமும் சொல்லி முடித்த தரகர் காக்கை, கிளம்பும்போது இறக்கையைத் தட்டிக்கொண்டே கேட்டது:

"பொண்ணு பார்க்க வர்றவங்க முக்கியமா ஒண்ணு விசாரிக்கச் சொன்னாங்க. லைட்டெல்லாம் போட்டுட்டீங்கல்ல?"

அன்று வடிவாம்பாள் சாப்பிடவில்லை.

"என்னங்க, மரநாய் வீட்ல பாத்ரூமுக்கே மூணு லைட்டாம்."

"மரநாய் மரத்துல இருக்கு. அதுக்கு ஏது பாத்ரூம்?"

"நான் அதைக் கேக்கலை."

மறுநாள் காலையில் நரி ஏகாம்பரம் வந்து சேர்ந்தது. விளக்கு அலங்கார ஆலோசகர் என்று கழுத்தில் அட்டை தொங்கியது. ஒவ்வொரு அறைக்கும் போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்து, அந்தந்த அறைக்கு ஏற்றபடி பெருமூச்சு விட்டது.

"சார், எல்லா ரூமுக்கும் ஒரே குண்டு பல்பு மாட்டினதெல்லாம் அந்தக் காலம். இப்ப கிச்சன்னா வேலை நடக்குற இடம், பளிச்சுனு வெள்ளை. பெட்ரூம்ல மனசு அடங்கணும், அங்க மஞ்சள். பாத்ரூம்ல கண்ணாடிக்கு மேல ஒண்ணு. ஹால்ல..." நரி பேச்சை நிறுத்தி ஒரு கணம் தியானம் செய்தது. "ஹால்ல சரவிளக்கு."

"எனக்கு இப்பவே எல்லாம் நல்லாத் தெரியுதே."

"தெரியறது வேற, வெளிச்சம் வேற சார்."

"கிழங்கு போட்டு வைக்கிற அறைக்கு?" என்று கேட்டது தணிகாசலம்.

"அங்க யாரு வந்து பார்க்கப் போறாங்க? விடுங்க."

நாலே நாளில் வேலை முடிந்தது. சமையலறை வெள்ளை வெளிச்சத்தில், தான் இத்தனை வருஷமாகச் சமைத்த கிழங்கில் என்னவெல்லாம் ஊர்கிறது என்பதை வடிவாம்பாள் முதல்முறையாகப் பார்த்தது. ஒரே கிழங்கைப் பதினோரு தடவை கழுவிவிட்டு, கடைசியில் அதைத் தூக்கிப் போட்டது. தணிகாசலம் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, "யாருங்க, யாரைப் பார்க்கணும்?" என்று மரியாதையாக விசாரித்தது. பதில் வராததால் விஷயம் விளங்கி, அன்று முழுக்க அந்தப் பக்கமே போகவில்லை.

படுக்கையறை மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றையொன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தன. கல்யாணமாகிப் பதினாலு வருஷம்.

"நல்லாத்தான் இருக்கீங்க," என்றது வடிவாம்பாள், கொஞ்சம் யோசித்துவிட்டு.

"அணைச்சிடவா?"

"அணைச்சிடுங்க."

பெண் பார்க்கும் நாள் வந்தது. பொழுது சாயும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து ஹாலில் உட்கார்ந்தார்கள். வடிவாம்பாள் சுவிட்சைப் போட்டது. சரவிளக்கு எரிந்த வேகத்தில் அத்தனை கண்களும் மூடிக்கொண்டன. மூடிய கண்களிலிருந்தும் தண்ணீர் கொட்டியது.

"வெளிச்சம் பிரமாதம்," என்று மாப்பிள்ளையின் அப்பா சுவரிடம் சொன்னது.

செங்கமலம் வறுத்த கிழங்குத் தட்டோடு வந்து நின்றது. "பொண்ணு நல்ல லட்சணம்," என்று மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர்ப் பானையைப் பார்த்து மனசாரச் சொன்னது. யாரோ கைநீட்டியதில் தட்டு கவிழ்ந்தது. வேறு கிழங்கு எடுத்து வரலாமென்று தணிகாசலம் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனது.

இருட்டாக இருந்த கிழங்கறையில் அதற்குள் செங்கமலமும் மாப்பிள்ளை நல்லசிவமும் வந்து நின்றிருந்தன. தணிகாசலம் வாசலிலேயே நின்றுவிட்டது.

"கண்ணு எரிஞ்சுதுன்னு சொன்னேன், நீங்க கூட்டிட்டு வந்தீங்க. ரொம்ப நன்றி," என்றது நல்லசிவம்.

செங்கமலம் அதன் முதுகையே பார்த்தது. பாதி முதுகில் முள்ளே இல்லை.

"நாய் துரத்துச்சு," என்றது நல்லசிவம். "வீட்ல இதைச் சொல்ல வேணாம்னாங்க. லைட் இருக்கிற வீடா பார்த்துப் போனா கண்ணு கூசி யாருக்கும் தெரியாதுன்னாங்க. அதான் தரகர்கிட்ட முதல்லயே கேக்கச் சொன்னது."

"மறுபடி முளைக்குமா?"

"ஒரு வருஷமாகும்."

"அப்ப சரி. எனக்கு ஒரு காது கேக்காது. எங்க வீட்லயும் சொல்ல வேணாம்னாங்க."

"எந்தக் காது?"

"இடது."

நல்லசிவம் மெதுவாகச் சுற்றி வந்து வலது பக்கத்தில் நின்றுகொண்டது. தணிகாசலம் நாலு கிழங்கை ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு ஹாலுக்குத் திரும்பியது.

"எங்களுக்குப் பூரண சம்மதம்," என்று மாப்பிள்ளையின் அப்பா அறிவித்தது. "எல்லாத்தையும் பளிச்சுனு பார்த்துட்டோம். இந்த விளக்கு மட்டும் இல்லேன்னா இவ்வளவு சீக்கிரம் முடிவெடுத்திருக்க மாட்டோம்."

தணிகாசலம் வாயைத் திறந்தது. கிழங்கறையைப் பற்றிச் சொன்னால் முதுகைச் சொல்ல வேண்டும், முதுகைச் சொன்னால் காதைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் வடிவாம்பாள் தாரை தாரையாகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. அது சந்தோஷத்திலா, சரவிளக்கிலா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

"ஆமா சம்பந்தி," என்றது தணிகாசலம். "எல்லாம் விளக்கு செஞ்ச வேலைதான்."

கல்யாணம் சிறப்பாக நடந்தது. நரி ஏகாம்பரம் 'இரு மனம் இணைக்கும் விளக்குகள்' என்று புதிதாகப் பலகை மாட்டியது. காட்டில் இப்போது விளக்கில்லாத வளைக்குள் எந்தத் தரகரும் நுழைவதில்லை. தணிகாசலமும் வடிவாம்பாளும் கிழங்கறையிலேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்குகின்றன. விருந்தாளி வந்தால் மட்டும் ஹாலுக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு சிரித்தபடி உட்காருகின்றன.

நீதி: சமையலறைக்கு வெள்ளை விளக்கு, படுக்கையறைக்கு மஞ்சள் விளக்கு, சம்பந்தி உட்காரும் இடத்துக்குக் கண்ணைத் திறக்க முடியாதபடி எது எரிகிறதோ அந்த விளக்கு.