ஜுஹுவில் காணாமல் போன பள்ளம்

தாராவி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஷைஸ்தாவுக்கு வாப்பா ஜெயினுலாப்தீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உம்மாவும் நலம். என் இடுப்பு மட்டும் நலமில்லை. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்பதால் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜுஹு கடற்கரையில் நூறு பேர் பார்க்க மல்லாந்து விழுந்தேன். எல்லாம் உன்னால்தான். வெள்ளம் வந்தால் நீ சோதிக்கிற பாலத்தின் மூன்றாவது தூணைச் சுற்றி ஆறு பத்தடி மண்ணை அரித்துவிடும் என்று நீ கணக்குப் போட்டதையும், உன் பெரிய இன்ஜினியர் "ஏப்ரல்ல நானே போய்ப் பார்த்தேன், தரை சமமா இருக்கு, நாலடின்னு மாத்து" என்று நிற்பதையும் காலித் மாமாவுக்கு விளக்கப் போய், பேண்டை மடித்துக்கொண்டு அலையில் தூண் மாதிரி நின்றேன். ஒவ்வோர் அலையும் திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மண்ணை உருவிக்கொண்டே போயிற்று, நான் "பாத்தியளா, பாத்தியளா" என்று பேசிக்கொண்டே இருந்தேன், நாலாவது அலைக்குத் தூண் சாய்ந்துவிட்டது. மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்ன மச்சான், சமதரையில விழுந்து கெடக்கிய? பள்ளத்தக் காணோமே!" திரும்பிப் பார்த்தால் நிஜமாகவே காணோம். நான் எழுந்திருப்பதற்குள் அடுத்த அலை மண்ணைக் கொண்டுவந்து நிரப்பிவிட்டது. "இப்பத்தான் இருந்துச்சு"ன்னா யாரு நம்புவா?

அப்போதுதான் புரிந்தது மகளே. வெள்ளம் தோண்டின குழியை வடிகிற தண்ணீரே மூடிவிடுகிறது. உன் பெரியவர் பார்த்தது மூடின தரையை. நீ இதைத்தான் மாதக்கணக்காகச் சொன்னாய், என் எட்டாம் வகுப்பு மண்டைக்கு ஏற இடுப்பு போக வேண்டியிருந்தது. அன்றைக்குப் போனில் அழாக்குறையாக, "வாப்பா, நாலுன்னே கையெழுத்துப் போடட்டுமா?" என்று கேட்டாய். "பெரியவங்க சொல்லுதாங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பாலத்தில் பள்ளிக்கூட பஸ் போகிறது. பெல்ட் தைக்கிற நானே, "என் இடுப்பு முப்பத்தாறுதான்" என்று சாதிக்கிற தொந்திக்காரருக்கு டேப் சொன்ன நாற்பதைத்தான் வெட்டுகிறேன். பத்துன்னா பத்து. ஒரு இன்ச் குறைக்காதே.

வேலைதான் முக்கியம். பெருநாளுக்குக்கூட வர வேண்டாம், இங்கே ஒருத்தரும் உன்னைத் தேடவில்லை. அல்லாஹ் உனக்கு தைரியத்தையும் உன் பெரியவருக்கு ஒரு ஜுஹு அலையையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
சாய்ந்த தூண்,
வாப்பா.

பின்குறிப்பு: தேடவில்லை என்றது பொய். தோல் ரோல் வைக்க இடமில்லாமல் அதன் மேலேயே உட்கார்ந்து தைக்கிறேன், நீ படுக்கிற பரணை உம்மா காலியாகவே வைத்திருக்கிறாள், நானும் அதைத் தோலுக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றது வெறும் வாய். வாய்க்குள்ளேயே நின்றது வேறு: வேலை போனாப் போகுது, வந்துரு புள்ள.