என் கோபத்துக்கு மூன்று நாள் ஒதுக்கிய மைத்துனருக்கு

மதிப்புக்குரிய மைத்துனருக்கு,

இங்கு யாவரும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கு எப்போது என்ன குறைந்தது.

இதுவரை வாய்மூடி இருந்தது போதும். என் கல்யாணப் போட்டோவில் குறுக்கே வந்து நின்று என் முகத்தை மறைத்தீர்கள். இருபத்தாறு வருடமாக ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? இதை அப்படி விட முடியாது.

நேற்று கல்லூரி வினாத்தாளை அச்சிட மகளின் பிரிண்டரைத் திறந்தேன். தட்டில் ஒரு தாள். கட்டடம் கட்டுவதற்கு நீங்கள் போடுவீர்களே, இடப்பக்கம் வேலை, வலப்பக்கம் நாள்கணக்கு, நடுவில் கலர் கோடுகள், அதே அட்டவணை. மேலே உங்கள் கோணல் எழுத்தில், ‘காதல்: அப்பா சம்மதம் வரை.’ என் மகளும் மாடிவீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைப் பையனும் விரும்புகிறார்கள் என்பதே எனக்கு அந்தத் தாளில்தான் தெரிந்தது. முதல் மாதம், அப்பாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தல். நானோ பெண்ணுக்குப் பாசம் பொங்குகிறது என்று ஆசிரியர் அறையில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். இரண்டாம் மாதம், பையன் அப்பாவிடம் சதுரங்கத்தில் தோற்றல், எட்டு ஆட்டம். நான்காம் மாதம், விஷயத்தைச் சொல்லுதல். அப்பா கத்துதல், மூன்று நாள். அக்கா சாப்பிடாமல் இருத்தல், ஒரு வேளை. அதற்குமேல் உங்கள் அக்காவுக்குத் தாங்காது என்பதும் கணக்கில் இருக்கிறது. அடியில் ‘இடர்கள்’ என்று ஒரு பட்டியல். அதில் ஒரே ஆள், நான்.

தாளோடு கூடத்துக்குப் போய்க் கத்த வாயைத் திறந்தேன். உங்கள் அக்கா துணி மடித்தபடியே, “அது அடுத்த மாசம்ல?” என்றாள். கத்தினால் உங்கள் வேலை முன்கூட்டியே முடிகிறது. கத்தாவிட்டால் உங்களுக்கு மூன்று நாள் மிச்சம். நான் எந்தப் பக்கம் போவது?

மகளிடம் ஒன்றுதான் கேட்டேன். “வேணும்னே தோத்தானா?”

“முதல் எட்டு மட்டும்தான்ப்பா. அப்புறம் இருபது ஆடியிருக்கீங்க. அதுக்கெல்லாம் அட்டவணையில கட்டமே கிடையாது. உங்களுக்குச் சந்தேகம் வரும், போகாதேன்னு நான்தான் சொன்னேன். அவர்தான் கேக்கலை.”

“அந்த இருபதுல?”

“பதினேழு அவர்தான் ஜெயிச்சார். உங்களுக்கே தெரியுமேப்பா.”

தெரியும். கண்ணாடியின் பவர் சரியில்லை என்று அவனிடமே சொல்லி இரண்டு முறை மாற்றிக்கொண்டேன்.

வேலை மெனக்கெட்டு ஒருவன் மாடியிறங்கி வந்து என்னைத் தோற்கடித்திருக்கிறான். இந்த வீட்டில் யாரும் என்னோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. அதற்காக உங்களை மன்னித்ததாக எண்ண வேண்டாம்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

பி.கு.: எனக்குச் சம்மதம். உங்கள் கணக்குக்கு ஐந்து வாரம் முன்பே; உட்கார்ந்து கோடுகளை அழியுங்கள். மகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் குரல் ஒத்துழைக்காது. அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் ‘அப்பா கையெழுத்து’ என்று போட்டிருக்கிறீர்கள். பெண்ணைத் தருகிறேன், அதை மட்டும் தரமாட்டேன். இந்தக் கடிதத்தையும் கையெழுத்தில்லாமல்தான் தபாலில் போடப்போகிறேன்.